நாலு மணி மெத்தை

மதிவதனி எழுதிய வரிகள் கோயம்புத்தூர் முழுக்க நின்றுகொண்டிருந்தன. காந்திபுரத்தில் ஒரு நகைக்கடையின் தலைமேல் ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’. உக்கடத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு ‘சலுகை கையிருப்பு உள்ளவரை மட்டுமே’. திருச்சி சாலையில் ஒரு அடுக்குமாடி விளம்பரத்தின் மூலையில், எறும்பு நின்று படிக்கிற அளவில், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’. அந்தக் கடைசி வரிக்கு நட்சத்திரக் குறி போட்டதும் அவள்தான்.

ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் இருந்த அந்த விளம்பரக் கம்பெனியில் அவளுக்கு ‘கிரியேட்டிவ்’ என்று பெயர். அவளுக்கு மேலே இருந்தவர் மனோஜ்குமார். மும்பையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். அதிலிருந்து காபிக்குச் சர்க்கரையையும் வாக்கியத்துக்கு முடிவையும் விட்டுவிட்டவர்.

மதிவதனியின் அப்பா சென்னியப்பன், அவிநாசியிலிருந்து பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டினார். மகள் எழுதிச் சம்பாதிக்கிறாள் என்பதை அவர் நம்பினார். ஆனால் எதை எழுதுகிறாள் என்பது பிடிபடவில்லை. ஒருமுறை காந்திபுரத்தில் வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, நகைக்கடைப் பலகையைக் காட்டினாள். அவர் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார்.

“அது கடைக்காரன் சொல்றதுதான கண்ணு? நீ எழுதுனது எது?”

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். அப்பா ஓட்டுகிற சாலையில், அப்பா கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி, தன்னுடைய ஒரு வரி நிற்க வேண்டும். இது என் புள்ள எழுதினது என்று அவர் பஸ்ஸுக்குள் திரும்பிச் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மெத்தை வந்தது. கிணத்துக்கடவில் தென்னை நார் மெத்தை செய்கிற திருமூர்த்தி, அவிநாசியில் புதிதாக ஷோரூம் திறக்கிறார். பைபாஸில், பெருந்துறை போகிற பக்கம், ஒரு பெரிய போர்டு. சென்னியப்பனின் பஸ் தினமும் கடக்கிற இடம்.

மதிவதனி அந்த வாரம் முழுக்க வேறு உலகத்தில் இருந்தாள். அவள் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள்; அதிலும் பனி விழுகிற நாடுகள். அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் மதியம்வரை தூங்குவார்கள். எழுந்து, வாழ்க்கைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று பக்கம் பக்கமாக யோசிப்பார்கள். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்வார்கள். கிணத்துக்கடவில் நிலம் வைத்திருப்பவர்கள் அப்படியில்லை என்பதை யாரும் அவளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கவில்லை.

கடைசியில் வரி கிடைத்தது. வெறும் மெத்தை, அதன்மேல் கலைந்த போர்வை, ஜன்னல் வெளிச்சம். கீழே: ‘நாளைக்கு எழுந்துகொள்ளலாம்.’

மனோஜ்குமார் படித்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். “பாரு மதி, கூஸ்பம்ப்ஸ்.” உண்மையிலேயே புல்லரித்திருந்தது. ஏ.சி.யும் பதினாறில் இருந்தது.

திருமூர்த்தி சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே விசாரணை தொடங்கியது.

“உங்கூடு எங்கீங்கம்மணி?”

“அவிநாசிங்க.”

“அட, நம்ம ஷோரூம் ஊரு. அவிநாசியில எந்தப் பக்கமுங்க?”

இந்தக் கேள்வி எதை அளக்கிறது என்று இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவு மரியாதையான அளவுகோல் வேறு எந்தச் சீமையிலும் கிடைக்காது.

“பஸ் ஸ்டாண்டுப் பக்கமுங்க” என்றாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்றால் எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். அதனால்தான் அந்த விலாசத்தை அவள் எப்போதும் கையில் வைத்திருந்தாள்.

திரையில் மெத்தை தோன்றியது. திருமூர்த்தி வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா, இது தூங்கறதப் பத்தியில்லீங்க இருக்குது?”

“மெத்தைங்களே” என்றாள் மதிவதனி.

“மெத்தைதானுங்க. அதுக்குன்னு தூங்கறோம்னு ரோட்டுல போர்டு வெக்கறதுங்களா? நம்ம பக்கம் தூங்கறவனுக்கு ஆருங்க பொண்ணு குடுக்கறாங்க? பொழுது கெளம்பறதுக்குள்ள தோட்டத்துக்குத் தண்ணி உட்டுப்போட்டு பேக்டரிக்குப் போறவங்கம்மணி நாங்க. இத என்ற மச்சான் பாத்தாருன்னா, ‘மாப்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா’ன்னு ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்துருவாருங்க.”

“எக்ஸாக்ட்லி சார்” என்றார் மனோஜ்குமார். “இதத்தான் நானும் மதிகிட்ட சொல்லிட்டே இருந்தேன்.” புல்லரித்த அதே கையால், முன்னால் இருந்த தாளில் வரியை அடித்தார்.

“ஓய்வுன்னு ஏதாச்சும் போடலாமுங்களா?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“ஓய்வுன்னா ரிட்டயர்மெண்டுங்க. எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிருச்சு?”

“நிம்மதி?”

“அது இன்சூரன்ஸ்காரங்க போடறதுங்கம்மணி.”

“கனவுங்க?”

“கனவுன்னா சைட்டு விக்கறவனுங்க.”

இப்படியாகத் தமிழில் படுக்கை சம்பந்தப்பட்ட கௌரவமான சொற்கள் எல்லாம் தீர்ந்துபோயின. மதிவதனிக்குள் என்னவோ ஒன்று அறுந்தது. பனிநாட்டு நாயகி விருந்து மேசையில் கையுறையைக் கழற்றி எறிகிற தோரணையில் சொன்னாள்:

“அப்படீன்னா ‘வெடியால நாலு மணிக்கு எழுப்பிவுடற மெத்தை’ன்னு போட்டுருங்க.”

மனோஜ்குமார் சுவரைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று மதிவதனிக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“கண்ணு” என்றார் திருமூர்த்தி. குரல் இளகியிருந்தது. “இன்னொருக்கா சொல்லுங்க.”

சொன்னாள்.

“இதுதானுங்க மெத்தை. எங்கப்பாரு இருந்திருந்தா அழுதுருப்பாருங்க.”

நக்கல் என்பது குரலில் இருக்கிறது, அச்சில் ஏறுவதில்லை என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. போர்டு ஏறியது. அதில் யாரும் படுத்திருக்கவில்லை. உதிக்கிற சூரியனுக்கு முன்னால் திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தார், மெத்தையை விற்கிறவரா அதிலிருந்து தப்பித்து வந்தவரா என்று சொல்ல முடியாத முகத்தோடு.

ஷோரூமில் கூட்டம் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் மெத்தையைத் தூக்கிப் பார்த்து, அலாரம் எந்தப் பக்கமுங்க இருக்குது என்று கேட்டார்கள். ஒருவர் ஆறு மணிக்குத்தான் முழிப்பு வருகிறது என்று மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்தார். மனோஜ்குமார் ‘கொங்கு மண்ணின் உழைப்பை நான் கண்டுகொண்ட தருணம்’ என்று இணையத்தில் எழுதினார். கண்டுகொண்ட இடத்தில் வேறு யாரும் இருந்ததாக அதில் குறிப்பு இல்லை.

மதிவதனி வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் சென்னியப்பனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவளுக்கு லீவான ஒரு நாள் அவளை எழுப்பி, பஸ்ஸில் தனக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. பின்னால் எல்லாத் தலைகளும் ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தன.

போர்டு கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார்.

“அல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க. அது என்ற புள்ள எழுதுனது!”

தலைகள் வேண்டாவெறுப்பாக நிமிர்ந்தன. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற காளியாத்தாள் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார்.

“ஏங் கண்ணு, நாலு மணிக்கு எழுப்பறதுக்கு மெத்த எதுக்கு? எங்கூட்டுல புருசன் எழுப்பறான், கோழி எழுப்புது, உங்கப்பன் வந்து ஆரன் அடிச்சு எழுப்பறாரு. தூங்க வெக்கற மெத்தையா ஒண்ணு எழுது சாமி!”

பஸ் முழுக்கச் சிரித்தது. “நீ சும்மா இரு காளியக்கா” என்று சென்னியப்பன் அதட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“அந்தக்கா சொல்றாப்ல ஒண்ணு எழுதியிருக்கலாமில்ல கண்ணு?”

“எழுதுனனுங்கப்பா. வேண்டாம்னுட்டாங்க.”

“என்னன்னு எழுதுன?”

அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. “நாளைக்கு எழுந்துகொள்ளலாம்.”

சென்னியப்பன் கியரை மாற்றினார். நாளைக்கு எந்திரிச்சுக்கலாம், என்று தன் வாயில் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நாலு மணிக்கு எழுந்தே வயசானவர்.

“இதுதான் கண்ணு நீ எழுதுனது” என்றார். “அது கடைக்காரன் சொல்றது.”

பின்னால் காளியாத்தாள் மறுபடி கண்ணை மூடிவிட்டிருந்தார். முன்னே ஒரு வேகத்தடை வந்தது. சென்னியப்பன் வழக்கத்தைவிட மெதுவாக, ஒரு தலையும் கம்பியில் இடிக்காதபடி, பஸ்ஸை ஏற்றி இறக்கினார்.