எய்னரின் சூடு இறங்கிய குளிர்காலம்

எய்னர் பெல்தோலா சவுனாவை விட்ட குளிர்காலத்தில் அவனுடைய வீட்டைச் சுற்றி மட்டும் பனி தங்கவில்லை. ஜனவரி நடுவில், ஏரி லாரி ஓடும் கனத்துக்கு உறைந்து கிடந்தபோது, அவன் கூரையில் புல் முளைத்து மஞ்சளாகப் பூவும் விட்டது. மிச்சிகனின் வடகோடியில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்கள் எதையும் சட்டென்று பெரிதுபடுத்துகிறவர்கள் அல்ல. பனி தள்ளும் வண்டிக்காரர் அவன் வாசல் வந்ததும் தகட்டைத் தூக்கி அடுத்த வாசலில் இறக்கிக்கொண்டார், அவ்வளவுதான். கூசி ஏரி என்ற அந்த ஊரைக் கலங்கடித்தது பூ அல்ல, அவன் சவுனாவை விட்ட சேதிதான்.

மாதா கோயிலுக்குப் போகாத ஆள் அந்த ஊரில் உண்டு, சவுனா இல்லாத வீடு கிடையாது. கொல்லையில் ஒரு மர அறை, உள்ளே அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள். கல்லில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு எழும்பும் ஆவியில் அம்மணமாக உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு வைனோ கார்ப்பி என்று ஒரு தலைவர். "சூடே ஆண்மை" என்று சங்கத்தின் பலகையில் எழுதியிருந்தது. மேடையேறும்போதெல்லாம் வைனோ தன் ஆறு பிள்ளைகளையும் அதற்கு ஆதாரமாகக் கைகாட்டுவார். ஆதாரங்கள் பின்வரிசையில் கேக் தின்றுகொண்டிருக்கும். வருஷா வருஷம் பிப்ரவரியில், சவுனாவுக்குள் சூடு அதிகம் தாக்கும் மேல் பலகையில் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறவனுக்கு ஒரு வெள்ளிக் கரண்டி. எய்னர் அதைப் பல வருஷங்களாக யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையும் மாலையும் பயிற்சி செய்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. கரண்டி அவனிடம் இருந்ததால் கோளாறு அவன் மனைவி லெம்பியிடம்தான் என்று ஊர் முடிவு கட்டியது. மூன்று டாக்டர்கள் அவளைப் பார்த்தார்கள், ஒருவர் கருக்குழாயில் மருந்து செலுத்திப் படமும் எடுத்தார். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்பது ரொம்ப மோசமான வியாதி போலிருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி ஊற்றும்போது லெம்பி சொன்னாள்: "மூணு டாக்டர் என்னைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாச்சு எய்னர். உன்கிட்ட கேக்குறது ஒரே ஒரு டப்பா. அதுவும் உனக்கு வலிக்காது."

எய்னர் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பரிசோதனைக்கு விந்துவை எப்படிக் கொண்டுபோவது என்று வைனோவிடம் ரகசியமாக யோசனை கேட்டான். "ஆறவிடாம கொண்டு போடா. ரொட்டி மாவு மாதிரிதான் அதுவும், சூட்டுலதான் பொங்கும்" என்றார் வைனோ. எய்னர் டப்பாவை வண்டியின் ஹீட்டர் துவாரத்தின்மேல் வைத்து, ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, ஆஸ்பத்திரிவரை வியர்த்தபடி ஓட்டினான். டாக்டர் நதீன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "மிஸ்டர் பெல்தோலா, இதைக் கொண்டு வந்தீங்களா, சமைச்சு எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

மறுமுறை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக் கொடுத்தான். கொஞ்சம் உயிரணுக்கள் இருந்தன. இருந்தவையும் சங்கத்தின் ஆண்டு விருந்து முடிந்து வீடு திரும்புகிறவர்களைப்போல் நின்ற இடத்திலேயே வட்டமடித்தன.

"விதைப்பை ஏன் உடம்புக்கு வெளியில தொங்குதுன்னு நினைக்கிறீங்க? உடம்போட சாதாரண சூடே அதுக்கு ஆகாது. நீங்க தினம் ரெண்டு வேளை வேக வைக்கிறீங்க. இடது பக்கம் நரம்பு வேற புடைச்சிருக்கு, அதுவும் சூடு ஏத்தும். சின்ன ஆபரேஷன்ல கட்டிடலாம். சவுனா வேணாம். புது விந்து உருவாகி வர மூணு மாசம் ஆகும், அதுக்கப்புறம் பாக்கலாம். குழந்தை பிறக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வாய்ப்பு கூடும்."

"என் பொண்டாட்டிக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஏற்கெனவே மூணு பேர் சொல்லிட்டாங்களே."

ஆபரேஷன் முடிந்து வீடு வந்த அன்றே சூடு வெளியேறத் தொடங்கியது. இத்தனை வருஷமாக உள்ளே வாங்கிவைத்தது லேசில் தீருவதாக இல்லை. அக்கம்பக்கத்துக் கோழிகள் பனியில் நடந்து வந்து அவன் நாற்காலிக்கடியில் உட்கார்ந்தன. பெண்கள் புளிக்காத மாவைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சட்டைப்பையில் போட்டுவைத்த முட்டைகள் அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போதே பொரிந்தன. "ஊர் முட்டையெல்லாம் பொரிக்கிற, நம்ம வீட்டோடதுதான் பாக்கி" என்றாள் லெம்பி. அவன் முகம் விழுந்ததைக் கண்டு, சோபாவில் நெருங்கி உட்கார்ந்து, தன் சில்லிட்ட பாதங்களை அவன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அப்படியே தூங்கியும் போனாள்.

பிப்ரவரி நெருங்கியது. லெம்பிதான் அவனைத் தடுக்கிறாள், பெற்றுக்கொடுக்காதவள் புருஷன் பெயர் எடுப்பதையும் பொறுக்கமாட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அது எய்னரின் காதுக்கு வந்த அன்று மாலை சங்கத்தின் கூட்டம். அவன் உள்ளே நுழைந்ததும் ஜன்னல்களில் ஆவி படிந்தது. கூட வந்த லெம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கரண்டியை வைனோவின் மேஜைமேல் வைத்தான்.

"லெம்பி மேல ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தான். விந்துல எண்ணிக்கை கம்மி. சவுனா சூடும் ஒரு காரணம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

வைனோ குரலைத் தாழ்த்தினார். "டேய், இதையெல்லாம் சபையில சொல்லலாமாடா? அங்க பொம்பளைங்க காபி போட்டுக்கிட்டிருக்காங்க."

"அவங்க காதுல விழணும்னுதான் சொல்றேன்."

காபி போட்டுக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவள் முதல் கோப்பையை ஊற்றி, தலைவரைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் இருந்த லெம்பியிடம் நீட்டினாள். அந்த ஊரில் மன்னிப்பு காபியாகத்தான் வரும். லெம்பி அதைக் குடித்து முடிக்கும்வரை யாரும் அடுத்ததைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக, பொரிக்கவைக்க ஒரு முட்டையோடு எய்னர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வானிலை பேசுவார்கள். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அந்த டாக்டரின் பெயரைக் கேட்பார்கள், ஒரு சிநேகிதனுக்காக. வைனோ கூடை நிறைய முட்டை கொண்டுவந்தார். "மருமகனுக்குடா. பையன் நல்ல பையன்தான், மேல் பலகையை விட்டு எறங்க மாட்டேங்குறான்." அந்த வருஷமே சங்கத்தின் பலகையில் "சூடே ஆண்மை" என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் "அளவோடு" என்று சேர்த்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் தலைவர். அது தன் நெடுநாள் கருத்து என்றார்.

ஏப்ரலில் சூடு தீர்ந்து எய்னரின் கூரைப் பூக்கள் உறைபனியில் கருகின. பரிசோதனையில் உயிரணுக்கள் பெருகியிருந்தன, நேராகவும் போயின. ஆனாலும் அந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. மாதா மாதம் லெம்பி காலண்டரைப் பார்ப்பதும், எய்னர் அவளைப் பார்க்காததுபோல் பார்ப்பதுமாகப் போயிற்று. ஒரு தடவை பழைய பலகைக்கே போய்விடட்டுமா என்று கேட்டான். "போயேன், நானும் கதவைச் சாத்திக்கிறேன்" என்றாள். அவன் போகவில்லை. அடுத்த இலையுதிர்காலத்தில் லெம்பிக்குக் காபி வாசனை குமட்டியது. அந்த ஊரில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குழந்தை ஜூலையில் பிறந்தது. பெண். ஹில்யா என்று பெயர் வைத்தார்கள். ஊற்றுத் தண்ணீர்போல் சில்லென்று இருந்தாள். டாக்டர் நதீன் மும்முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பால் நன்றாகக் குடிக்கிறாள், எடை ஏறுகிறது, வேறென்ன வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வெயில் காலத்தில் அக்கம்பக்கத்தார் வெண்ணெயைக் கொண்டுவந்து தொட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துப்போனார்கள். மகளைத் தோளில் சாய்த்துக்கொள்ளும்போது எய்னர் ஆகஸ்டிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வான். பல் கிட்டும், தாலாட்டு நடுங்கும், கீழே விடமாட்டான்.