வியாழக்கிழமை நாற்காலி

மனிதகுலம் இதுவரை கண்ட வேலைகளிலேயே ஆக எளிதானது, தன் மனைவி வியாழக்கிழமைதோறும் மதியம் இரண்டு முதல் மூன்று வரை பார்க்கும் வேலைதான் என்பது பிளம்பரின் முடிவு. இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் பக்கத்திலிருந்து கவனித்து, ஆராய்ந்து, தெளிந்து சொன்னார். "நாற்காலியச் சூடாக்கறா. அது ஆறறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடறா. இதுக்குப் பேரு ஆராதனை."

கோயிலை ஒட்டிய சின்ன ஜெப அறையில் பகல் முழுக்க நற்கருணை, அதாவது இயேசுவின் உடலாக வணங்கும் அப்பம், வைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஒரே சட்டம்தான்: எதிரே எப்போதும் ஓர் ஆளாவது இருக்க வேண்டும். அடுத்த ஆள் வராமல் இருக்கிற ஆள் எழுந்து போகக் கூடாது. மணிக்கு ஒருவராக வாரம் முழுக்கப் பங்கு பிரித்திருந்தார்கள். சாமி தனியாக இருந்தால் பயந்துகொள்வாரா என்று பிளம்பர் கேட்டார். அது உங்கள் வியாதி, அவருக்கு இல்லை என்று தையல்காரியான மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

வாய்க்குக் குறைவில்லாதவள். அந்த வாயால்தான் இருபது வயதில் கன்னியர் மடத்திலிருந்து திரும்பி வந்தாள். சேர்ந்து எட்டு மாதம். மௌனம் காக்க வேண்டிய நேரத்திலெல்லாம் பேசினாள். மடத்துத் தலைவி கூப்பிட்டு, உனக்கு அழைத்தல் இருக்கிறது மகளே, ஆனால் வாய் அதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதாள். உள்ளே விடாவிட்டால் வெளியே இருந்து செய்வது என்று பஸ்ஸில் ஏறும்போதே தீர்மானித்துவிட்டாள். கல்யாணம் செய்துகொண்டாள். குடும்பஸ்தர்கள் சேரும் மூன்றாம் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தாள். பள்ளிச் சீருடை தைத்தே இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். சாப்பாட்டுத் தூக்கத்தை விட்டுவிட்டு எவரும் வரத் துணியாத வியாழன் இரண்டு மணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதலில் அங்கே உட்கார்ந்தால் நெஞ்சு நிறைந்து வழியும் என்பாள். மூன்றாவதாகப் பிறந்த பையன் பதினாறு நாளில் போனபின் அது நின்றுவிட்டது. பிளம்பர் கோயிலுக்குள் கால் வைப்பதை நிறுத்தியதும் அந்த ஆண்டுதான்; கல்யாணமோ சாவோ, வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்பார். அவள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். பதினோரு ஆண்டுகள் ஒன்றுமில்லை. சுவரைப் பார்ப்பதும் நற்கருணையைப் பார்ப்பதும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நாள் காஜா எடுத்துக்கொண்டே அவளே ஒப்புக்கொண்டாள். பிளம்பர் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் ஏன் போற?"

"வரேன்னு சொல்லியிருக்கேன்ல."

பன்னிரண்டாம் ஆண்டு எப்போதோ அது திரும்பி வந்ததாம். முன்பு போல வழியவில்லை, கசிந்ததாம். கசிவு என்பது நல்ல செய்தி அல்ல என்று பிளம்பர் தொழில்முறையில் ஆட்சேபம் தெரிவித்தார்.

இந்த மாதம் அவளுக்கு முழங்கால் மூட்டை மாற்றினார்கள். போன வியாழன் அவள் இடத்தில் உட்கார்ந்த பாடகர் குழுத் தலைவர் விட்ட குறட்டை தெருவரைக்கும் கேட்டது. அத்தோடு அவரும் விலகிக்கொண்டார். இனி ஒரு மணி நேரம் ஆளில்லாமல் போனாலும் மதிய ஆராதனையையே மூடிவிடுவேன் என்று பங்குச் சாமியார் அறிவித்துவிட்டார்.

அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் அடுத்த வியாழன். ஒன்றரை மணிக்கு அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். பிளம்பர் அதை ஒளித்து வைத்திருந்தார். வெறுங்காலோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அங்க மூணு படி இருக்கு. யாரு தூக்குவா?"

"உக்காந்து உக்காந்து ஏறுவேன்."

ஏறிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் பயம். கடைசியில் ஓர் உடன்பாடு: ஒரு மணிக்காரரான ஓய்வுபெற்ற தபால்காரரை இன்னும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டு வர வேண்டும். அங்கே போனை அணைத்திருப்பார்கள், ஆகவே நேரில். பிளம்பர் வேலைச் சட்டையோடு கிளம்பினார்.

தபால்காரருக்குச் சர்க்கரை. ஒன்றரைக்கு மேல் அவருடைய ஜெபமெல்லாம் சீக்கிரம் கதவு திறக்க வேண்டும் என்பதாகவே இருக்கும். கதவு திறந்தது. பிளம்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நற்கருணைக்கு வணக்கமாக ஒரு முழங்காலை மடக்கி எழுந்து, நாற்காலியைக் காட்டி, நன்றியோடு கைகூப்பி, கழிப்பறைத் திசையில் மறைந்தார். அங்கே பேசக் கூடாது. பிளம்பர் திறந்த வாயை மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெளியே சைக்கிள் மணி கேட்டது. அதுவும் தூரமாய்ப் போனது.

திரும்பிப் போய்விடலாம். யாரும் பார்க்கவில்லை, எதிரே இருந்ததைச் சேர்க்காவிட்டால். ஆனால் முப்பத்தோரு வருஷத்து நேரம் அவர் கையால் அறுந்துபோகும். பிளம்பர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதற்கு ஒரு கால் குட்டை. சூடாக அது சம்மதிக்கவே இல்லை.

சுவருக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டியது. வாஷர் போயிருக்கிறது, இரண்டு நிமிட வேலை. எழுந்தார். போனால் அறை காலி. உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், உட்கார்ந்தார். வேறு வழியின்றிச் சொட்டுகளை எண்ணினார். பையன் இருந்த நாள் கணக்கான பதினாறு வந்ததும் நிறுத்திவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார். அப்படியே பலமுறை.

மூன்று அடித்தது. மூன்று மணிக்காரியான நர்ஸைக் காணோம். பிளம்பர் கதவைப் பார்த்தார், நற்கருணை வைத்திருந்த கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்தார், இருந்தார். மூன்றே முக்காலுக்கு அவள் மூச்சிரைக்க வந்து, பஸ் என்று கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள். எழுந்தபோது பிளம்பரின் ஒரு முழங்கால் மடங்கியது. மரத்துப்போயிருந்ததால் என்று அவர் முடிவு செய்தார்.

மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "சொல்லிட்டு வர இவ்வளவு நேரமா?"

"அங்க ஒரு குழாய் ஒழுகுது. அடுத்த வியாழன் போய்ப் பார்க்கணும்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்குத்தான் தோதுப்படும்."

அடுத்த வியாழன் ஒன்றே முக்காலுக்கு அவர் கிளம்பிப் போனார். கருவிப் பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறு வந்தது. நாற்காலியில் முழுசாகச் சாய்ந்துகொண்டு, பதினேழு என்றார்.