எறிநட்சத்திரத்தோடு யார் நிற்பது

1

இந்தக் கதை ஒரு சட்டப்பிரிவிலிருந்து பிறந்தது. எறிநட்சத்திரம் என்பது உள்ளங்கை அளவு இரும்புத் தகடு, சுற்றிலும் கூர்முனை. அதை வீட்டில் வைத்திருக்கலாம், பயிற்சிக்கூடத்தில் வீசலாம், இரண்டுக்கும் இடையே பூட்டிய பெட்டியில் கொண்டுபோகலாம். வேறெங்கும் வைத்திருந்தால் குற்றம். (இது கதைக்குள் மட்டும் செல்லுபடியாகும் சட்டம். உங்கள் ஊரில் எப்படியோ, விசாரித்துக்கொள்ளுங்கள்.) படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தியைப் பெட்டி இல்லாமல் தெருவில் இறக்கிவிட்ட பிறகு சிரிப்பு போய்விட்டது.

2

‘அவள் கண்களில் நெருப்பு...’

வேண்டாம். தற்காப்புக் கலை சொல்லித்தருகிறவள் என்றாலே கை தானாக நெருப்பை எழுதுகிறது. இவள் கண்ணில் இருப்பது தூக்கக் கலக்கம். எல்லோரும் ‘மாஸ்டர்’ என்பார்கள். வகுப்பு முடிந்ததும் நட்சத்திரத்தை இடுப்புப் பட்டையில் சுருட்டி, பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டுவது அவள் வழக்கம். அன்று பட்டையைச் சுருட்டும்போதே அண்ணி போனில் அழைத்தாள். அண்ணனுக்கு இதய ஆபரேஷன், தங்கச்சியைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராம். மாஸ்டர் பட்டையை அப்படியே பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

3

மருத்துவமனை வாசலில் காவலாளி பையைத் துழாவி அதை எடுத்தார்.

“என்னம்மா இது, மிக்சி பிளேடா?”

ஆமாம் என்றிருந்தால் தீர்ந்தது. (ஒருமுறை அப்படித்தான் எழுதினேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.) ஆனால் அவர் முனையைப் பிடித்திருந்தார். வகுப்பில் ஓயாமல் திருத்துகிற வாய் சும்மா இருக்குமா?

“அப்படிப் பிடிக்காதீங்க, விரல் கிழிஞ்சிடும். வீசும்போது மட்டும்தான் முனையைப் பிடிக்கணும்.”

“வீசும்போதா?” என்றார் காவலாளி.

4

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நட்சத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அண்ணனைப் பார்த்துவிட்டு வரும்வரை நீங்களே வைத்திருங்கள் என்று அவள் கெஞ்சினாள்.

“நான் வச்சிருந்தா நானும் குற்றவாளிதாம்மா. போலீஸுக்குச் சொல்லித்தான் ஆகணும். அவங்க வர்ற வரைக்கும் இதோட ஒருத்தர் நிக்கணும். யார் நிக்கிறாங்களோ, அவங்க பேர்லதான் கேஸ்.”

முதல் முடிவு: காவலாளி கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அவர் வேலை போனால் அவர் பிள்ளைகளுக்கு நானா பதில் சொல்வேன்?

இரண்டாம் முடிவு: போலீஸ் வருவதற்குள் அண்ணனை உள்ளே... எழுத மனம் வரவில்லை.

மறுபடி அண்ணியின் அழைப்பு. அண்ணனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்களாம். மாஸ்டர் அழுகிறாள். யாராவது ஒருவர் அந்த மேசையோரம் வந்து நின்றால் போதும், மாடிக்கு ஓடிவிடுவாள். நான் நிற்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் நிற்பீர்களா?