கொக்கிக்கு மூட்டிய தீ

...கபாப் அடுப்பாம், டீச்சரும் அதையே கேட்டுவிட்டாள், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவள், சூட்டில் இரும்பு என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு நோட்ஸ் கொடுக்கிறவள், பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த லோகநாயகி டீச்சர், கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன ஜஹானாரா, பக்ரீத்துக்கு பார்பெக்யூவா? எங்க மாளவிகா அமெரிக்காலேர்ந்து போட்டோ அனுப்பியிருந்தா, அவங்க வீட்டுப் பின்னாடி அச்சு அசலா இதேதான்" என்று சிரித்துவிட்டுப் போகிறாள். ஜஹானாரா தலையை ஆட்டினாள், எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. இது இரும்பு காய்ச்சுகிற உலை டீச்சர், சின்னதுதான், ஆனாலும் உலை... லாரியின் பிரேக் டிரம், அடி ஓட்டையில் ஒரு குழாய், உள்ளே களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசிக் காயவைத்தது, மழை விட்டுவிட்டுப் பெய்ததில் அது காய்வதற்குள் உயிர் போய்விட்டது, காற்றுக்கு ஹேர் டிரையர், இதில் ஆடு எங்கே வந்தது, கோழி எங்கே வந்தது?

டிரம் வாங்கப் பம்மலுக்குப் போன அன்றே ஆரம்பித்த வயிற்றெரிச்சல் இது. லாரி மெக்கானிக் சவுரிமுத்து டிரம்மைத் தட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தந்தூரி போடப் போறியா? சோக்கா கீது, நம்மளையும் கூப்புடு" என்றான். அவனாவது வாயில் வந்ததைச் சொல்கிறவன். துபாயிலிருந்து ஹேர் டிரையர் வாங்கிவந்து கொடுத்த நாத்தனார் ஷாயிஸ்தா, போனில், "அதுல ஊதினா கறி சீக்கிரம் வெந்துடுமே அண்ணி" என்கிறாள். முஸ்தபா? கட்டின புருஷன், கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர், அவரிடம் வாயைத் திறந்து, "இரும்பு அடிக்கப் போறேங்க" என்றுதானே சொன்னாள், டிவியில் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே "அடி அடி" என்றார், விளம்பரம் வந்ததும், "கபாபுக்குன்னா பாரிஸ் கார்னர்ல ரெடிமேடா எடுத்துட்டு வந்திருப்பேனே" என்றார். ஒரு முஸ்லிம் பொம்பளை மொட்டைமாடியில் நெருப்பு மூட்டினால் அதன்மேல் கறிதான் இருக்க வேண்டுமா, வேறு எதுவும் இருக்கக் கூடாதா, யார் போட்ட சட்டம் இது?

ஒரு கொக்கிக்குத்தான் ஆசைப்பட்டாள். மத்தியானம் அவர் சாப்பிட வந்தால் கல்லாவில் உட்காருகிறவள் இவள், எந்தக் கொக்கி எவ்வளவு கனம் தாங்கும் என்று கையில் எடுத்தவுடனே சொல்கிறவள், வருகிறவனோ அவள் தலைக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணன் இல்லியாக்கா?" என்பான். அன்றைக்கு ஒருவன் ஊஞ்சல் கொக்கியைத் திருப்பிக் கொண்டுவந்தான், வளைவு பிரிந்து கம்பியாக நிமிர்ந்துவிட்டது, இந்தச் சரக்கு கனம் தாங்காது என்று விற்கும்போதே சொன்னது இவள்தான், அவன் என்ன சொன்னான்? "பரவால்ல, நான் அண்ணன்கிட்ட பேசிக்கறேன்." சரி, பேசிக்கொள். அன்று சாயங்காலமே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உலை செய்வது எப்படி என்று தேடிப் பிரிண்ட் எடுத்துவிட்டாள். பிரியாத கொக்கி ஒன்று, அவள் கையால் அடித்தது, கல்லாவுக்குப் பின்னால் தொங்க வேண்டும், யார் செய்தது என்று ஒருத்தனாவது கேட்க வேண்டும்...

இன்று வெள்ளிக்கிழமை, கடை லீவு, அவர் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார், இதைவிட்டால் நேரம் கிடையாது. டிரையரைப் போட்டதும் கரி உறுமிக்கொண்டு பிடித்தது, அதில் செருகிய இரும்புக் கம்பி முதலில் கறுப்பு, பிறகு மங்கின சிவப்பு, பிறகு... அல்லா, என்ன நிறம் அது, ஆரஞ்சா, மஞ்சளா! பக்கெட் சிமென்ட்டில் பதித்த சம்மட்டித் தலைதான் அவளுடைய பட்டறைக்கல், அதன்மேல் வைத்து அடித்தாள், டீச்சருக்கு ஒன்று, ஷாயிஸ்தாவுக்கு ஒன்று, அண்ணன் இல்லியாக்காவுக்கு நாலு. இரும்பு கேட்டது. இந்த வீட்டில் அவள் சொன்னதைக் கேட்ட முதல் ஆள் அதுதான். சுவரில் மாட்டுகிற பக்கம் வளையமாகச் சுருண்டது, மறுபக்கம் நீண்டு நீண்டு ஊசிமுனையாக வந்தது, இனி அந்த முனையை வளைத்துவிட்டால் கொக்கி, ஒரே ஒரு சூடு பாக்கி. கம்பியைத் திரும்பக் கரியில் செருகினாள், டிரையர் நின்றுவிட்டது. கரன்ட் போய்விட்டது. அட பாவிகளா, இது கட் ஆகிற நேரமே இல்லையே! பனை விசிறியால் வீசினாள், வாயால் ஊதினாள், கண்ணில் சாம்பல் விழுந்ததுதான் மிச்சம், கரி வெளுத்துக்கொண்டே போயிற்று. கம்பியைக் குறட்டால் இழுத்துத் தண்ணீரில் போட்டாள், சர்ரென்றது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நேரான கம்பி. ஒரு முனையில் வளையம், மறு முனை கூர். எங்கேயோ பார்த்த சாமானாக இருக்கிறதே... யா அல்லா.

கபாப் கம்பி. கறி குத்திச் சுடுகிற கம்பியேதான். மாடிப்படியில் முஸ்தபாவின் செருப்புச் சத்தம், ஒளிப்பதற்குள் வந்துவிட்டார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. உலையைப் பார்க்கவில்லை, சம்மட்டித் தலையைப் பார்க்கவில்லை, கம்பியை வாங்கிக் கட்டைவிரலால் முனையைத் தொட்டார், இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும், மொத்த வியாபாரியிடம் நல்ல சரக்கைப் பார்த்தால் மட்டும் வருகிற முகம். "நல்ல வேலைப்பாடு" என்றார், "எந்தக் கடையில வாங்கினே?"

நான் அடிச்சது. இரண்டே வார்த்தை, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கபாப் கம்பி அடித்தவள் ஆவாள், ஊரே சொன்னது சரியென்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் எவனோ கடைக்காரன் அடித்ததாகப் போகும். அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார், அவள் சொல்வதற்காக அவர் இப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை. கோபம் வந்தது, வழக்கமாக வருகிற அதே கோபம்தான், யார் மேல் என்றுதான் இந்தத் தடவை தெரியவில்லை.