சிறு குடும்பத்துக்கு மட்டும்

எங்கள் மாடி நான்கு மாதமாகக் காலி. ஆள் வராமல் இல்லை, நான்தான் யாரையும் வைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாருமே நல்ல மனிதர்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் புதுமணத் தம்பதி, ரிட்டயர்டு தாசில்தார், நாய் வளர்க்கும் ஒரு டாக்டரம்மா. எனக்கு வேண்டியது குழந்தைகள்.

"உனக்கென்ன பைத்தியமா செல்வமேரி?" என்று மெல்பர்னிலிருந்து என் ஒரே மகள் ஜோவிதா போனில் கத்துகிறாள். கோபம் வந்தால் பெற்றவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவளுக்குக் குழந்தையே வேண்டாமாம். அது அவள் இஷ்டம். ஆனால் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. ஸ்கூல் வேன் நிற்பது ஒரே ஒரு வாசலில். நாடு முழுக்கப் பிறப்பு குறைகிறது என்று பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அது எனக்குத் தெரிய அந்த வேனைப் பார்த்தாலே போதும். பிள்ளை பெற்ற ஓரிருவரும் முடிச்சூர் பக்கம் ஃப்ளாட் வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது என்னைப் போன்ற முட்டிவலிக்காரர்கள்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சராகவே காலம் தள்ளியவள் நான். இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு காலத்தில் கேட்டில் 'சிறு குடும்பத்துக்கு மட்டும்' என்று போர்டு மாட்டியவளும் நானேதான். அப்போது தெரு முழுக்கப் பிள்ளைகள். வீட்டிலாவது நிம்மதி வேண்டும் என்று, இரண்டுக்கு மேல் பிள்ளை உள்ளவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, ஆட்டோ ஓட்டும் தயாளனும் அவன் மனைவி பட்டுவும் வீடு பார்க்க வந்தார்கள். போனில் "ரெண்டு பசங்க" என்று சொல்லியிருந்தான். அதனால்தான் வரச் சொன்னேன். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வந்து நின்றார்கள்.

மாடியைக் காட்டினேன். பட்டு குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"குழந்தைங்க எத்தனைன்னு சொன்னீங்க?" என்றேன்.

தயாளன் என் முகத்தைப் பார்த்தான். என் முகம் அப்படி. சும்மா இருந்தாலும் பிரம்பைத் தேடுவது மாதிரி இருக்கும்.

"ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுதானா? போன்ல ரெண்டுன்னீங்களே?"

"அது, எங்க அண்ணன் கொயந்தையையும் சேத்து சொல்லிட்டேம்மா. நம்மள்து ஒண்ணுதான்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உதட்டைப் பிதுக்கினேன். அவ்வளவுதான், மனுஷன் பதறிப்போனான்.

"அதுவும் பேஜார் பண்ணாதும்மா. வோணும்னா அத்தயும் கோவளத்துல அதோட பெரிம்மாவாண்ட வுட்டுர்றோம். வூட்ல சத்தமே வராது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பெத்த பிள்ளையை விட்டுட்டு வர்றவங்களுக்கு என் வீடு கிடையாது. கிளம்புங்க," என்றேன்.

பட்டு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணும்மா," என்றாள். "இவுரு பொய் சொல்றாரு. மூணு கீது. மூணுன்னு சொன்னா எவனும் வூடு குடுக்க மாட்றான். இத்தோட ஒம்போது வூடு பாத்துட்டோம். நாளான்னிக்கு இப்ப கீற வூட்ட காலி பண்ணணும். இதுவும் இல்லன்னா சின்னத நெசமாவே எங்க அக்காவாண்டதான் வுடணும்." சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மூணா?" என்றேன். சந்தோஷம் என்றால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடவே சுருக்கென்று ஒரு குத்தல். என் வாசலில் திரும்பிப் போனவர்கள் எந்தப் பிள்ளையை எங்கே விட்டார்களோ, நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெருமுனையில, ஆட்டோவுல," என்றான் தயாளன்.

"வெயில்ல உக்கார வச்சிட்டு இங்க வந்து கதை விடறீங்களா? போய்க் கூட்டிட்டு வாய்யா."

அவன் ஓடினான். நானும் கீழே இறங்கிப் படியோரம் நின்றேன்.

பத்து வயதில் ஒரு பெண், அவளுக்கு அடுத்து ஒரு பையன், கடைசியாக ஐந்து வயதில் ஒரு வாண்டு. மூவரும் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பெரியவள் உதட்டில் விரலை வைத்து மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, வரிசையாக, நுனிக்காலில் படியேறினார்கள். ஒரு சின்னச் சத்தம் இல்லை. ஒன்பது வீடு பார்த்துப் பழகிய பிள்ளைகள்.

மூன்றாவது படியில் வாண்டு நின்று திரும்பியது. என்னைப் பார்த்து ரகசியமாகக் கேட்டது:

"நானும் இங்க இருக்கலாமா? இல்ல பெரிம்மா வூட்டுக்குப் போணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ எங்கேயும் போக வேண்டாம்டா," என்றேன். "செருப்பைப் போட்டுக்கோ. தடதடன்னு ஏறு."

அது அக்காவைப் பார்த்தது. அக்கா அம்மாவைப் பார்த்தாள். பட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அப்புறம் ஏறியது பாருங்கள், எதிர்வீட்டு கிருபா என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.