உச்சியில் வைத்த எண்ணெய்

நிறஞ்சலாவுக்கு வந்த கோபத்துக்கு, எண்ணெய்ப் போத்தலைப் புருசனின் தலையிலேயே போட்டு உடைத்திருப்பாள். யாழ்ப்பாணத்து ஆசுபத்திரி என்றபடியால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னதெல்லோ அக்கா? வயர் ஒட்டாது. வேற திகதி தாறன்” என்றான் மெசின்காரப் பெடியன்.

ஊசி ஒன்றும் குத்தாமல், தலையில் வயர்களை ஒட்டியே மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தைப் பார்க்கிற மெசின் அது. அதற்காகத்தான் மகள் டினோஜாவின் தலையை நேற்று ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டிருந்தாள். விடியப்புறம் புருசன் மில்ரன் எழும்பி, பேசாலைக் கோயிலில் மந்திரித்த எண்ணெயை, புதுப் படகின் முன்முனை அணியத்துக்குப் பூசுகிற மாதிரிப் பிள்ளையின் உச்சியில் பூசித் தேய்த்துவிட்டான்.

“நல்லது நடக்கட்டும் எண்டுதானே வைச்சனான்” என்றான் மில்ரன்.

“அடிக்கிற கைக்கு இப்பதான் பக்தி வந்ததோ?”

அதுதான் அவளை எரித்தது. கூப்பிடக் கூப்பிட டினோஜா சிலநேரம் மரம் மாதிரி நிற்பாள். கண் எங்கேயோ குத்திட்டு நிற்கும். பள்ளியில் ரீச்சர் முழங்காலில் நிற்க விட்டார். வீட்டில் இவன் ‘கொழுப்பு’ என்று அறைந்தான். இது நோய், வருத்தம் என்று ஒரு டொக்டர் சொல்லாவிட்டால் அந்த அடி நிற்கப்போவதில்லை.

“தம்பி, மெசினை மூடிப்போடாதேங்கோ. இப்ப வாறன்.”

பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே பைப்படிக்குப் போனாள். எதிர்க்கடையில் வாங்கிய சட்டி கழுவுகிற சவர்க்காரத்தால் தேய் தேய் என்று தேய்த்தாள். டினோஜா அழுதாள். எண்ணெய் போனது, கோபம் போகவில்லை.

தலை காய்ந்ததும் வயர்கள் ஒட்டின.

“தங்கச்சி, மூச்சை நல்லா இழுத்து இழுத்து ஊதுங்கோ” என்றான் பெடியன்.

ஊதிக்கொண்டிருந்தவள் சட்டென்று ஊதுவதை நிறுத்தினாள். அதே மரம், அதே கண். திரையில் அமைதியாக ஓடிய கோடுகள் எல்லாம் ஒன்றாக எகிறிப் பாய்ந்தன.

“டினோஜா! ஏய், டினோஜா!” மில்ரன் அதட்டினான்.

“கத்தாதேங்கோ அண்ணை. இப்ப பிள்ளைக்கு ஒண்டும் கேக்காது. இதுவும் ஒருவகை வலிப்புத்தான், டொக்டர் விளங்கப்படுத்துவார்.”

நிறஞ்சலா மில்ரனின் வலது கையைப் பிடித்து, வயர் நிறைந்த அந்தச் சின்னத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“இந்தா, இப்பவும் பேசாமல்தான் இருக்கிறாள். அடியுங்கோ பாப்பம்!”