மதுக்கரை ஓடையில் மஞ்சள் கற்கள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. கற்களை இறக்கியது வைகாசி மழைக்கு முன்பா பின்பா என்று கேட்டால் தடுமாறிவிடுவேன். பிரத்யுஷா அன்று அழுதாள் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. இல்லை, பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான் என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நான், அவள் பேசாமல் இருந்த இடங்களை மட்டும் மறக்கவில்லை.

மாநிலம் முழுவதும் மலைநடைப் பாதைகளை அமைத்து நடத்தும் திட்டத்துக்கு அவள் மேலாளர். ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை எந்தப் பாதையில் யார் நடந்தாலும் அதற்குப் பொறுப்பு அவள்தான். நடப்பதில் பைத்தியமாக இருந்ததால்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த பிறகு நடக்கவே முடியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் அவளுடைய அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் வெக்கைக் காற்றை முகத்தில் ஊதும். அட்டை கடித்ததற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை யானை வருமா என்று விசாரிப்பவர்கள், மழையை நிறுத்தி வைக்க முடியாதா என்று கேட்காத குறையாகச் சண்டை பிடிப்பவர்கள் என்று காலையில் தொடங்கும் போன் சாயங்காலம்தான் ஓயும். சுவரில் மாநில வரைபடம் தொங்கியது. பச்சைக் கோடுகளெல்லாம் பாதைகள். அவற்றை அவள் கண்ணால்தான் நடந்து கொண்டிருந்தாள்.

வால்பாறையில் களப் பொறுப்பாளர் இடம் ஒன்று காலியானது. சம்பளம் குறைவு, பதவியும் கீழே. ஆனால் தினமும் காட்டில் நடக்க வேண்டிய வேலை. பிரத்யுஷா அதைக் கேட்டாள். மேலே இருப்பவர் கீழே இறங்கக் கேட்பதைச் சென்னையிலிருந்த இயக்குநர் சென்னகேசவன் முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். பிறகு, மிச்சமிருப்பது மதுக்கரைப் பாதை ஒன்றுதான், அதை ஆடிக்குள் திறந்து வைத்துவிட்டுப் போகலாம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விடும் என்றார். அவள் அன்றைக்கே மலைக்கு ஏற்ற ரெயின்கோட் ஒன்று வாங்கினாள்.

பாதைகளில் வழி காட்ட முழங்கால் உயரக் கற்களை நடுவார்கள். மாநிலம் முழுக்க ஒரே மாதிரி. பச்சை அடித்தால் காட்டோடு கலந்துவிடும், வெள்ளை அடித்தால் மைல்கல் போலிருக்கும் என்று யோசித்து, உடம்பெல்லாம் மஞ்சள், நெற்றியில் சிவப்பு வட்டம் என்று முடிவு செய்தது பிரத்யுஷாதான். முடிவு செய்தது அறைக்குள் உட்கார்ந்துகொண்டு.

மதுக்கரையில் கல் நடும் வேலையைப் பார்த்தவர் வெள்ளகோவில்காரர் அன்புமணி. டிராக்டர் ஓடை வரைக்கும்தான் ஏறியது. மீதிக் கற்களை அங்கேயே, ஒரு வேங்கை மரத்தடியில் இறக்கினார்கள். படுக்கப் போட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று மணலில் அடியைப் புதைத்து வரிசையாக நிறுத்தினார்கள். ஏழு கற்கள், கிழக்கே பார்த்து. முனை உடைந்த ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அன்றே யானைக் கூட்டம் இறங்கிவிட்டதாக வனத்துறை சொல்ல, வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. வேலையைப் பாதியில் விட்டுப் போகும்போது கற்பூரம் காட்டிவிட்டுப் போவது அன்புமணியின் வழக்கம். ஜேசிபியாக இருந்தாலும் காட்டுவார், கிணறாக இருந்தாலும் காட்டுவார். கற்களுக்கு முன்னால் ஒரு கட்டியைக் கொளுத்தி, யானை தொடாமல் இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

யானைகள் தொடவில்லை. ஆடி பிறந்ததும் திரும்பிப் போனவர் அங்கிருந்தே போன் செய்தார்.

"மேடம், நம்ம கல்லெல்லாம் சீல கட்டி நிக்குதுங்க."

ஏழு கற்களுக்கும் பச்சைச் சேலைத் துண்டுகள், கண்ணாடி வளையல்கள், எலுமிச்சை. சிவப்பு வட்டத்தின் மேல் குங்குமம். தள்ளி வைத்திருந்த உடைந்த கல்லுக்கு ஒரு சுருட்டும் வைத்திருந்தார்கள். ஏழு பேரும் கன்னிமார், உடைந்தது காவலுக்கு நிற்கும் கருப்பராயன். எடுத்து நட்டுவிடுங்கள் என்று பிரத்யுஷா சொன்னாள். அன்புமணி வேறு எந்த வேலையும் செய்வதாகவும், அதை மட்டும் தொட மாட்டேன் என்றும் சொன்னார். கற்பூரம் காட்டியதே நீங்கள்தானே என்று கேட்டதற்கு, அதனால்தான் பயமாக இருக்கிறது என்றார்.

ஓடையை அந்த மரத்தடியில் தாண்டாமல் பாதை மேலே போகாது. சுற்றிக்கொண்டு போகலாமென்றால் அந்தப் பக்கம் யானைத் தடம், வனத்துறை விடாது. சாமி இருக்கும் இடத்தைச் செருப்போடு தாண்டக் கூடாது, கையில் எடுத்துக்கொண்டும் போகக் கூடாது; செருப்பில்லாமல் நடக்கலாமென்றால் அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் முள்ளும் கல்லும். வரைபடத்தின் முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். எல்லாக் கோடுகளும் அவளைச் சுற்றி வந்து அந்த ஓடையில் முட்டி நின்றன. பிறகு அவளுக்கு ஒரு வழி புலப்பட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது. இது சாமி இல்லை, பெயிண்ட் அடித்த கல் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை போனாள். அடிவாரத்துக் காலனியைச் சேர்ந்த பெண்கள் மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் பெரியவள் பாவாத்தாள், தோட்ட வேலைக்குப் போகிறவள்.

"ஏனுங்க அம்மணி, பூட்ஸை அங்கயே கழட்டிப்போட்டு வாங்க."

கழற்றிவிட்டு ஈர மணலில் நடந்து வந்தாள். வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். இவை வழி காட்டும் கற்கள், நிறம் சொன்னது நான், இதே போல மாநிலமெங்கும் நிற்கின்றன, வேண்டுமானால் படம் காட்டுகிறேன் என்றாள். பாவாத்தாள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க. டிராக்டர்ல இருந்து எறக்குனதுல என்ற மருமவனும் ஒருத்தனுங்க. அவனுக்குக் கூலி குடுத்ததே நீங்கதானுங்களே."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, மேடம் அடித்த பெயிண்ட் நல்ல பெயிண்ட், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை என்றாள்.

"அப்பறம் எப்படிங்க சாமி ஆகும்?" என்றாள் பிரத்யுஷா.

"எந்தக் கல்லுங்க தானா நடந்து வந்துச்சு? நீங்க கொண்டாந்து வெச்சீங்க. அவங்க வந்து ஒக்காந்துட்டாங்க."

பிரத்யுஷாவின் கையிலிருந்த ஒரே சாவி பூட்டுக்குள் போய், சும்மா சுற்றிக்கொண்டிருந்தது போலிருந்தது. பாவாத்தாள் விளக்குமாறைக் கீழே வைத்தாள். ஊர்க் கன்னிமார் ஒரு பெரிய தோட்டத்துக்குள் இருப்பதையும், தன் சனம் அங்கே உள்ளே போனதில்லை என்பதையும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"கம்பி வேலிக்கு வெளிய நின்னு கும்புட்டே எங்க காலம் போச்சுங்க. இங்க வேலி இல்லீங்க அம்மணி."

பிறகு பாவாத்தாள் இன்னொன்றும் சொன்னாள். ஆடிப் பதினெட்டுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கல் வைத்தவர் கைதான் பானையில் முதல் அரிசி போட வேண்டும். வருடா வருடம். அன்புமணியைக் கேட்டதற்கு, தான் கூலிக்கு வைத்தவன், வைக்கச் சொன்னவர் மேடம் என்று கையைக் காட்டிவிட்டாராம்.

"நீங்க வராட்டி அடுப்பே பத்த வெக்க மாட்டோமுங்க."

மறுநாள் சென்னகேசவன் அழைத்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். இதெல்லாம் அரை நாள் வேலை, ஆக்கிரமிப்பு என்று போலீஸ் பாதுகாப்போடு எடுத்துவிடலாம், அவள் சம்மதம் சொன்னால் போதும், அடுத்த வாரம் வால்பாறையில் இருக்கலாம் என்றார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி பெட்டியின் மேல் ஒரு புறா முட்டையிடப் பார்த்து, சூடு தாங்காமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"எடுத்துடலாம்தானே?"

வெளியே போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இன்னும் இருந்தது. அவள் வெளியே போனால், அந்தப் பெண்கள் மறுபடியும் கம்பிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். எடுத்துவிடலாம் என்று தன் வாயால் சொல்ல முடியும் என்றுதான் அவள் இறுதிவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சார்."

"வால்பாறை?"

அவள் சுவர் வரைபடத்தில் வால்பாறையின் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். அவர் போனை வைத்துவிட்டார்.

பதினெட்டாம் நாள் போனாள். பாவாத்தாள் அவள் கையைப் பிடித்து அரிசிக்குள் அழுத்தி, அப்படியே பானைக்குக் கொண்டுபோனாள். புகை கண்ணில் பட்டது. குலவைச் சத்தத்தில் பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பெருமையாக உணரவில்லை. கணுக்காலில் யாரோ மெதுவாக, பிரியமாக, கயிறு கட்டுவது போலிருந்தது.

மதுக்கரைப் பாதை திறக்கப்படவில்லை. வால்பாறை இடத்துக்கு நாகர்கோவிலிலிருந்து மெர்சி என்ற பெண் வந்து சேர்ந்தாள், இப்போதும் அங்கே இருக்கிறாள். சென்னகேசவன் ஓய்வு பெற்றுவிட்டார். அன்புமணி கல் நடுவதை விட்டுவிட்டு ஒரு டிராக்டர் வாங்கி ஓட்டுகிறார். பாவாத்தாள் போன தையில் காய்ச்சலில் இறந்துபோனாள். அடுப்பை இப்போது அவள் மகள் மூட்டுகிறாள். பிரத்யுஷா அதே அறையில்தான் வேலை பார்க்கிறாள். ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் லீவு போடுகிறாள்.